இறக்கைக்குக் கீழே ஒரு பொட்டு

எழுத வராதவள் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தாராவி முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எங்கே க் போடணும், எங்கே ப் போடணும் என்று டீச்சர் சொன்னது அன்றைக்கே காதில் ஏறவில்லை, இப்போதா ஏறப்போகிறது. மறதி வேறு. இந்தச் செம்பூர் பில்டிங்கில் லிஃப்டுக்குள் போய் எந்த மாடிப் பொத்தானை அமுக்கணும் என்று தெரியாமல் நிற்பேன். லிஃப்ட் என்னை மேலே கொண்டுபோய்க் கீழேயே கொண்டுவந்து விடும். வாட்ச்மேன் சிரிப்பான். அதனால் இதில் முன்னே பின்னே வரலாம்.

விஷயம் இதுதான். போன மாதம் ஒரு புதன்கிழமை காலையில் வசந்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. வசந்தி மாட்டுங்காக்காரி, என்னைவிட மூணு வயசு சின்னவள், அறுபத்தாறு நடக்கிறது. பேங்கிலிருந்து ரிட்டையர் ஆகி, வீட்டுக்காரரும் போன பிறகு, மகளோடு இருக்க நியூசிலாந்து போய் மூணு வருஷம் ஆகிறது. நேரில் நான் வசந்திம்மா, வாங்க, போங்க என்றுதான் பேசுவேன். எழுதும்போது அவள் என்று வருகிறது, ஒண்ணும் நினைக்க மாட்டாள். அங்கே போய்ப் பேரப்பிள்ளைகளுக்கு இட்லி அவித்துக்கொண்டு சும்மா இருந்தாளா? இல்லை. விமானம் ஓட்டுகிறாள். சின்ன வயசில் இங்கே பம்பாயில் ஓட்டி, விட்டுப்போனதை அந்த ஊரில் போய்த் திரும்ப எடுத்திருக்கிறாள். பழைய லைசென்ஸ் அங்கே செல்லாதாம். கண், காது, நெஞ்சு எல்லாம் சோதித்து, முதலிலிருந்து பழகச் சொல்லியிருக்கிறார்கள். பழகிவிட்டாள்.

குரலில் அவள் சொன்னது இது:

"அக்கா, என்னைத் தனியா மேல அனுப்பலாமா வேண்டாமான்னு சனிக்கிழமை மத்தியானம் முடிவு பண்ணப் போறா. பறக்கறதெல்லாம் நன்னாத்தான் பண்றேன். ஏறறதுக்கு முன்னாடி விமானத்தை ஒரு சுத்து சுத்திப் பார்க்கணுமோல்லியோ, அதுலதான் தகராறு. நான் நாலு சுத்து சுத்தறேன், அஞ்சு சுத்து சுத்தறேன். அந்த இறக்கைக் குழாய்கிட்ட வந்தா நகர முடியலை. டார்ச் அடிச்சுப் பார்க்கறேன், போயிட்டு மறுபடி வந்து பார்க்கறேன். சொல்லிக் குடுக்கற பொண்ணு, என் பொண்ணைவிடச் சின்னவ, நேத்திக்குச் சொல்லிட்டா. உங்க கண்ணை உங்களாலயே நம்ப முடியலேன்னா நான் எப்படி உங்களைத் தனியா அனுப்பறதுன்னு. நியாயம்தானே? சனிக்கிழமையும் இப்படியே பண்ணினேன்னா விட்டுடலாம்னு இருக்கேன். என் கண்ணு லட்சணம்தான் அன்னிக்கே தெரிஞ்சுதே அக்கா."

அன்னிக்கே என்று அவள் சொன்ன நாள் எனக்குத் தெரியும். அவள் கண்ணில் ஒரு குற்றமும் இல்லை என்பதும் தெரியும். உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்பத்தைந்து வருஷமாக.

ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வெண்டைக்காய் நறுக்க உட்கார்ந்தேன். மத்தியானம் என் மருமகள் செல்வி ஹாலில் உட்கார்ந்து நகத்துக்குப் பாலிஷ் போட ஆரம்பித்தாள். அணுசக்தி நகர்ப் பக்கம் ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறாள், அன்றைக்கு லீவு. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை நின்றுவிட்டது.

"என்ன அத்த, தலை வலிக்கா? மூடிடவா?"

"வேண்டாம், திறந்து வை. இது விமானத்து வாசனைல்லா."

"அரே, இது நாக்கா மூலைக் கடையில வாங்கின பாட்டில் அத்த."

அவளுக்கு என்ன தெரியும். அந்தக் காலத்துச் சின்ன விமானங்களுக்கு இறக்கை துணி என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். நிஜத் துணி. சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, அதன்மேல் ஒரு வார்னிஷை அடித்து, காயவைத்து, மறுபடி அடித்து, மேளத்தோல் மாதிரி விறைக்க வைப்பார்கள். அந்த வார்னிஷ் இந்த நகப் பாலிஷ் வாசனையேதான், கொஞ்சம் பழுத்த வாழைப்பழமும் சேர்ந்த மாதிரி. வேலைக்குப் போன முதல் நாள் இறக்கையை விரலால் தட்டிப் பார்த்தேன். டம் டம் என்றது. இதை நம்பியா மனுஷன் மேலே போகிறான் என்று விரலை இழுத்துக்கொண்டேன்.

நான் அங்கே வேலைக்குப் போனதே இந்தத் துணியால்தான். கடலோரமாக ஒரு சின்ன விமானத் திடல், அதில் ஆட்களுக்கு விமானம் ஓட்டப் பழக்குகிற ஒரு கிளப். பேர் எழுத வேண்டாம் என்று செல்வி சொல்லிவிட்டாள். அங்கே விமானம் கழுவிக்கொண்டிருந்த ஆள் தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்து இறக்கையைக் கிழித்துவிட்டானாம். எங்கள் எதிர்வீட்டு மராத்திக்காரியின் அண்ணன்தான் அங்கே மிஸ்திரி, விமானங்களைப் பழுது பார்க்கிறவர். கை மெதுவாக இருக்கிற ஒரு பொம்பளை வேணும் என்று தங்கையிடம் சொல்ல, அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது இருபத்துநாலு வயசு, மடியில் எட்டு மாசப் பிள்ளை. மிஸ்திரி கேட்டது ஒரே கேள்வி, இந்தியில்.

"பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவியா?"

"ஆமா."

"அப்படித் துடை."

அவ்வளவுதான் இண்டர்வியூ. காலையில் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு மாஹிம் ஸ்டேஷனுக்கு நடந்து ரயிலேறிப் போவேன். விமானம் துடைப்பது, ஷெட்டைப் பெருக்குவது, டீ போடுவது, விமானங்களுக்குப் போடுகிற துணி உறைகளைத் துவைப்பது. என் வீட்டுக்காரர் தாராவியில் தோல் பட்டறையில் இருந்தார், சீசன் இருந்தால் கூலி, இல்லாவிட்டால் இல்லை. என் சம்பளத்தில்தான் பிள்ளைக்குப் பால்மாவு. சந்தில் ஒருத்திகூட நான் சொன்னதை நம்பவில்லை. குழாயடியில் பொன்னுத்தாய் என்று ஒருத்தி, வாய் நீளம், "ஏளா, விமானத்தைக் கழுவுதியா, விமானத்துல வாரவன் வீட்டுப் பாத்திரத்தைக் கழுவுதியா?" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். பதில் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அதுதான் என் கெட்ட பழக்கம் என்று இப்போது தெரிகிறது.

என் அறிவையும் சொல்லிவிடுகிறேன். திடலில் ஒரு கம்பத்தில் ஆரஞ்சு நிறத்தில் நீளமாக ஒரு துணி ஆடிக்கொண்டிருக்கும், சட்டையின் ஒரு கையை மட்டும் காயப்போட்ட மாதிரி. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வாரம் மழை கருக்கிக்கொண்டு வந்தது. ஐயோ நனையுதே என்று ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்து இறக்கி, நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மேலே இருக்கிறவர் பார்த்து இறங்குவதற்கான துணி அது. கேப்டன் சத்தம் போட்டது அடுத்த ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். கேப்டன் என்றால் அங்கே சொல்லிக்கொடுக்கிறவர், பட்டாளத்து விமானத்தில் இருந்து வந்தவர், வெள்ளை மீசை. மேலே அப்போது ஒரு விமானம் சுத்திக்கொண்டே இருந்தது. அதில் இருந்தவள்தான் வசந்தி.

இறங்கி வந்து என்னைத் திட்டப்போகிறாள் என்று தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் நின்றேன். அவள் என்னைத் தேடி வந்து, தமிழில், "நீங்களா மடிச்சு வெச்சேள்? இஸ்திரியும் போட்டிருக்கலாமே அக்கா" என்றாள். அந்த ஷெட்டில் எனக்குக் கேட்ட முதல் தமிழ்.

மாட்டுங்காவில் அவள் அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க். காலேஜில் என்.சி.சி.யில் இருந்து ஆசை பிடித்துக்கொண்டதாம். சர்க்கார் ஏதோ பாதிச் செலவைக் கொடுத்த காலம். ஞாயிற்றுக்கிழமையானால் அப்பாவும் மகளும் பஸ் மாறி வருவார்கள். அப்பா ஷெட் வாசலில் பேப்பரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு உட்காருவார், ஒரு வரி படிக்க மாட்டார். விமானம் தரையைத் தொட்ட பிறகுதான் பக்கம் திருப்புவார்.

ஒரு நாள் யாரும் இல்லாதபோது வசந்தி என்னை விமானத்துக்குள் உட்கார வைத்தாள். சேலையைச் சுருட்டிக்கொண்டு எப்படியோ ஏறினேன். ரெண்டு சீட்டுதான், ஆட்டோவைவிட இடம் குறைச்சல். முன்னால் வட்ட வட்டமாகக் கண்ணாடிக்குள் முள்ளுகள். ஒரு கம்பியைக் காட்டி, "இழுங்கோ" என்றாள். இழுத்தேன். பின்னால் வால் ஏதோ அசைந்தது. நான் இழுத்தால் அது அசைகிறது! தள்ளினேன், இந்தப் பக்கம் அசைந்தது. அன்றைக்கு ராத்திரி சோறு பிசையும்போதுகூடக் கை அந்தக் கம்பியைப் பிடித்த மாதிரியே இருந்தது. அங்கே இருந்த மூணு விமானத்தில் அது ஒன்றுதான் எனக்குச் செல்லம். வெள்ளச்சி என்று நானாகப் பேர் வைத்திருந்தேன். இறக்கைக்குக் கீழே மெல்லிசாக ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், விரல் கனம். அதற்கு ஒரு சிவப்புத் துணி உறை, வால் வைத்தது. அதை வாராவாரம் துவைப்பது நான். குழாய் எதுக்கு என்று மட்டும் கேட்டதில்லை. கொசு போகாமல் இருக்க உறை போடுகிறார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

இனிமேல்தான் சொல்லக் கஷ்டமானது.

தாராவியில் ஆயுத பூசை என்றால் பட்டறைக்குப் பட்டறை சந்தனம் மணக்கும். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ஒரு சட்டம். இரும்பு என்று எது இருந்தாலும் பொட்டு வைத்தாகணும். தையல் மிஷின், கத்திரி, சுத்தியல், தோல் கீறுகிற உளி, தராசு, அரிவாள்மணை. ஒன்று விட்டுப்போனால் அது மனசு நொந்துகொள்ளும், வருஷம் முழுக்க நம்மிடம் வன்மம் வைத்துக்கொள்ளும் என்பார் அப்பா. ஒரு வருஷம் பாக்குவெட்டி விட்டுப்போய், மறுமாசமே அது அத்தை விரலைப் பதம் பார்த்தது. அப்புறம் நாங்கள் ஊசியைக்கூட விடுவதில்லை.

ஷெட்டில் தசரா அன்றைக்குத்தான் பூஜை. காலை எட்டு மணிக்கு மிஸ்திரி தேங்காய் உடைத்து, விமானங்களுக்குச் சாமந்தி மாலை போட்டு, தட்டை என் கையில் கொடுத்தார். வெள்ளச்சிக்கு மூக்கில், விசிறியில், மூணு சக்கரத்தில், கதவில், வாலில் எல்லாம் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்தேன். வசந்திக்கு அன்றைக்கு லைசென்ஸ் பரீட்சை. விஜயதசமி, தொட்டது துலங்கும் என்று அவள் அப்பாவே கேப்டனிடம் கேட்டு வாங்கின நாள்.

ஒன்பதரைக்கு மாலையெல்லாம் கழற்றி விமானத்தை வெளியே தள்ளினார்கள். வசந்தி சுத்திப் பார்க்க ஆரம்பித்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன், கையில் இன்னும் சந்தனக் கிண்ணம். சக்கரத்தைப் பார்த்தாள், இறக்கை விளிம்பைத் தடவினாள். குழாயின் சிவப்பு உறையை உருவினாள், குனிந்தாள், ஒரு கண்ணை மூடி அந்தக் குழாய் வாய்க்குள் பார்த்தாள். என் கண்ணால் பார்த்தேன். உறையை என்னிடம் நீட்டி, "பத்திரம் அக்கா" என்றாள். புஸ்தகத்தில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு ஓடினாள்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. காலையில் உறை போட்டிருந்ததால் அந்தக் குழாய்க்கு நான் பொட்டு வைக்கவில்லை. எல்லாத்துக்கும் வைத்து அது மட்டும் மொட்டையாக நிற்கிறது. இன்றைக்குப் பார்த்து, அதுவும் பரீட்சைக்கு, அது கோவித்துக்கொண்டால்? நல்ல கெட்டிச் சந்தனமாக எடுத்து வைத்தேன். நுனியில்தான் வைத்தேன். நெற்றி என்று எதைச் சொல்ல, அதுக்கு முகமே அந்த வாய்தான். மேலே குங்குமமும் வைத்தேன். மனசு நிறைந்தது.

வசந்தியும் கேப்டனும் ஓடிவந்து ஏறினார்கள். வெள்ளச்சி ஓட ஆரம்பித்தது. எப்போதும் விமானம் ஓடுகிற ரோட்டோரத்தில் ரெண்டாவது கம்பம் தாண்டுவதற்குள் சக்கரம் தரையை விட்டுவிடும். அன்றைக்குக் கம்பம் தாண்டியும் ஓடியது. அவள் அப்பா பேப்பரோடு எழுந்து நின்றார். திடீரென்று சத்தம் அடங்கியது. விமானம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, ரோடு முடிந்து புல்லுக்குள் போய், குலுங்கிக் குலுங்கி, மூக்கைக் குத்துவது போல் ஆடி நின்றது. நல்ல வேளை, யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மிஸ்திரிதான் பிறகு எனக்கு விளக்கினார். அந்தக் குழாய் வாயில் காற்று போனால்தான் உள்ளே வேகம் காட்டுகிற முள் ஏறும். வாய் அடைத்தால் முள் தூங்கும். வேகம் தெரியாமல் மேலே போகிறவன் எப்போது விழுவான் என்று அவனுக்கே தெரியாது. முள் அசையவில்லை என்று பார்த்து இஞ்சினை அடக்கினது வசந்திதான், கேப்டன் இல்லை. அதை யாரும் பாராட்டவில்லை.

கம்பியை விட்டுக் குத்தி மிஸ்திரி குழாயிலிருந்து சந்தனத்தை எடுத்தார். கேப்டன் அதை வசந்தி முகத்துக்கு நேராகக் காட்டினார். "பூஜை எட்டு மணிக்கு. நீ சுத்திப் பார்த்தது ஒன்பதரைக்கு. இதைப் பார்க்கலையா?"

"பார்த்தேன் சார். சுத்தமா இருந்தது."

"சுத்தமா இருந்தா இது என்ன?"

அவள் அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சின்னக் குரலில், "பார்க்கலை போல இருக்கு சார்" என்றாள்.

மிஸ்திரி என் பக்கம் திரும்பினார். அவருக்கு நான் பாயி. "பாயி, காலையில உறையைக் கழற்றிட்டா பொட்டு வெச்சே?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவராக எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒரு ஆட்டு. அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். பூஜை செய்தது தப்பில்லை, பார்க்காதது தப்பு என்று ஆகிப்போனது. அந்தச் சிவப்பு உறை என் இடுப்பில் செருகியிருந்தது. காலையில் பொட்டு வைத்து மேலே உறை போட்டிருந்தால் உள்ளே சந்தனக் கறை இருக்கணும் இல்லையா? அது பளிச்சென்று இருந்தது. யாராவது வாங்கித் திருப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் தண்ணீர்க் குழாயடிக்குப் போய் அதை நனைத்து சோப்புப் போட்டுவிட்டேன். பிள்ளையின் பால்மாவு டப்பா ஒன்றுதான் கண்ணில் நின்றது. வேறு சமாதானம் என்னிடம் இல்லை.

வசந்தி ரெண்டு மாசம் கழித்து மறுபடி பரீட்சைக்கு ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினாள். ஆனால் ஒரு சுத்து சுத்தியவள் மூணு சுத்து, நாலு சுத்து என்று ஆனாள். காத்திருக்கிறவர்கள், "மேடம், பிரதட்சிணமா?" என்று கேலி செய்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. பேங்க் வேலை கிடைத்துவிட்டது, நேரமில்லை என்றாள்.

அதற்குப் பிறகும் நாங்கள் பழக்கத்தை விட்டுவிடவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் பூ வாங்கும்போது பார்ப்போம், அவள் கல்யாணத்துக்கு நான் போனேன், என் மகன் ஸ்கூல் ஃபாரத்தை அவள்தான் நிரப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடணும் என்று தொண்டைவரை வரும். "என்ன அக்கா, ஏதோ சொல்ல வந்தேள்?" என்பாள். "முல்லை என்ன விலை?" என்பேன். இப்படி எத்தனை முழம் வேண்டாத முல்லையை வாங்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

நகப் பாலிஷ் காய்வதற்குள் செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் பத்து விரலையும் விரித்தபடி வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தாள்.

"க்யா அத்த, ஒரு விமானத்தையே கவுக்கப் பாத்திருக்கீங்க. நான் பருப்பு தீய்ச்சதுக்கு ஒரு வாரம் பேசுனீங்க?"

"அந்த ஃபோன்ல குரல் அனுப்புதது எப்படின்னு காட்டு."

மூணு தடவை பட்டனை அமுக்கிவிட்டுப் பேசாமல் இருந்தேன். "அத்த, இப்படியே விட்டா மூச்சு சத்தம்தான் அங்க போவும். அந்த ஆன்ட்டி பயந்துரும்" என்றாள். நாலாவது தடவை சொன்னேன். "வசந்திம்மா, அந்தப் பொட்டை நான் காலையில வைக்கல. நீங்க குனிஞ்சு பாத்துட்டு ஆபீசுக்குப் போனீயள்லா, அதுக்கப்புறம் வெச்சேன். நீங்க பாத்தப்போ குழாய் சுத்தமாத்தான் இருந்துச்சு. உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. உறையைத் துவைச்சதும் நான்தான். வேலை போயிரும்னு சொல்லல." செல்வியே அமுக்கி அனுப்பினாள்.

ரெண்டு டிக்கும் நீலமாச்சு. பதில் இல்லை. வியாழன் இல்லை. வெள்ளி இல்லை. என் வாழ்நாளில் அத்தனை தடவை ஃபோனை எடுத்துப் பார்த்ததில்லை. பரீட்சைக்கு முன்னால் போய் அவள் மனசைக் கலக்கிவிட்டேனோ, சொல்லாமலே போயிருக்கலாமோ என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஏழரைக்கு வீடியோ கால். அவர்களுக்கு அது மத்தியானமாம். வசந்தியின் மகள் மீனா பேசினாள். "ஆன்ட்டி, அம்மா உங்களுக்குக் காட்டச் சொன்னா. பேச வேண்டாமாம், பார்த்தாப் போறுமாம்."

பச்சைப் பசேல் என்று புல். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளை விமானம், துணி இல்லை, தகரம். மஞ்சள் கோட்டு போட்டுக்கொண்டு வசந்தி. பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரப் பெண், அவள்தான் சொல்லிக்கொடுக்கிறவள். வசந்தி சக்கரத்தைப் பார்த்தாள். இறக்கை விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள். குழாய் இருக்கிற இடத்தில் நின்றாள். உறையை உருவினாள். குனிந்தாள். செல்வி என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், புது நகம் சதையில் இறங்கியது, எனக்கு வலிக்கவில்லை. வசந்தி நிமிர்ந்தாள். வாலைப் பார்த்தாள், அந்தப் பக்கம் போய் வந்தாள். இனி ரெண்டாவது சுத்துக்குக் கால் திரும்பும், திரும்பப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவள் நேராகக் கதவைத் திறந்து ஏறிவிட்டாள். வெள்ளைக்காரப் பெண் ஏறவில்லை. கட்டைவிரலைக் காட்டிவிட்டு வேலிப் பக்கம் நடந்து வந்தாள்.

விமானம் ஓடியது. ஓடியது. எனக்குப் பழைய கம்பங்கள் எல்லாம் கண்ணுக்குள் வந்துபோயின. சரியாக அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது, நடுவில் ஒரு வட்டம் சுத்துகிறது. "வைஃபை! வைஃபை!" என்று செல்வி ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு ஓட, நான் இந்த முழங்காலோடு பின்னாலேயே ஓட, மகன் பல் தேய்த்த வாயோடு வெளியே வந்து, "என்னாச்சு, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்க, படம் திரும்ப வந்தபோது புல்தான் தெரிந்தது, விமானத்தைக் காணோம். மீனா ஃபோனை மேலே திருப்பினாள். அங்கே இருந்தாள். தனியாக, சாய்ந்து, சுகமாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் என்ன சத்தம் போட்டேனோ தெரியாது, பக்கத்து ஃபிளாட் மராத்திக்காரி வந்து பெல் அடித்தாள். அவளையும் உள்ளே இழுத்துக் காட்டினோம்.

இறங்கும்போது ஒரு தரம் குதித்தது. அவ்வளவுதான். வசந்தி வேர்த்த முகத்தோடு வந்து ஃபோனை வாங்கினாள்.

"அக்கா. ரெண்டு நாள் உங்க மேல கோவமா இருந்தேன். இப்பவும் கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்மா."

"நாப்பத்தஞ்சு வருஷம் அக்கா. மாட்டுங்காவுல பூக்கடையிலயாவது சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"தைரியம் வரலம்மா."

கோட்டுக் கையால் முகத்து வேர்வையைத் துடைத்தாள். "மேல போனதும் ஒரு அழுகை அழலாம்னு இருந்தேன். அந்த முள்ளைப் பார்க்கவே நேரம் சரியாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் ஒன்று சொன்னாள். "வாயால சொன்னது எனக்குப் போறும். ஆனா கேப்டன் இல்லை, மிஸ்திரி இல்லை, அப்பா இல்லை. நான் சரியாப் பார்க்கலைன்னு நெனச்சுண்டேதான் மூணு பேரும் போனா. அவாளுக்காக எழுதி வைங்கோ." அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் மகனைக் கூட்டிக்கொண்டு அந்தத் திடல் பக்கம் போனேன். உயரமாக மதில், கேட்டில் துப்பாக்கியோடு ஆள். எங்கள் ஷெட் இருந்த பக்கம் கண்ணாடிக் கட்டடமாக நிற்கிறது, அண்ணாந்தால் அதன் முகத்தில்தான் வானம் தெரிகிறது. வாசலில் இருந்த டீக்கடை இல்லை. அவள் அப்பா பேப்பரோடு உட்கார்ந்த சிமெண்டுப் பலகை இல்லை. வெள்ளச்சியைப் பழைய சாமானுக்குப் போட்டுவிட்டார்கள் என்று எப்போதோ கேள்விப்பட்டேன். தாராவியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த பட்டறைக் கதவில் பெயிண்டால் நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள், என்றைக்கு வேண்டுமானாலும் இடிப்பார்களாம். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று சின்ன வயசில் என்னோடு வந்த பயம் ஒன்று இருந்தது, அதுவும் இப்போது இல்லை. அது போனதில் எனக்கு வருத்தம் கிடையாது.

நான் படிக்காதவள். இதில் பல தப்பு இருக்கும். குழாய் இடது இறக்கையில் இருந்ததா வலதிலா என்று எழுதவே இல்லை, எனக்கு மறந்துவிட்டது. கேப்டன் சொன்னது இங்கிலீஷில், நான் மிஸ்திரியிடம் கேட்டுப் புரிந்துகொண்டதை எழுதியிருக்கிறேன். பூஜை எட்டு மணியா எட்டரையா, கம்பம் ரெண்டாவதா மூணாவதா, அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். அவள் குனிந்து பார்த்ததையும், அதற்குப் பிறகு நான் பொட்டு வைத்ததையும் மட்டும் யாரும் திருத்த வேண்டாம். அது சரியாகத்தான் இருக்கிறது.